நாலு மணிக்கே அஸ்தமனம்

மாஸ்கோ
15-12-1963

அன்புள்ள நீலாவுக்கு,

இங்கு நலம். உன் நலமும், நைனா, அம்மா நலமும் அறிய ஆவல். நீ நவம்பரில் போட்ட கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. உறையின் ஓரத்தை யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியதுபோல இருந்தது. நம் ஊரில் பிரித்தார்களா, இங்கே பிரித்தார்களா என்று தெரியவில்லை. இனிமேல் ஏர் லெட்டரில் எழுது. வீட்டு விஷயம் தவிர வேறெதுவும் எழுதாதே.

குளிரைச் சொல்லி மாளாது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவினால் சாயங்காலம் வந்துவிடுகிறது. நாலு மணிக்கெல்லாம் தெருவிளக்கு எரிகிறது. ஆனால் இந்த அரசாங்கம் எங்களை நடுங்க விடவில்லை. வந்து சேர்ந்த வாரமே கோட்டு, தொப்பி, பூட்ஸ் வாங்க முந்நூறு ரூபிள் கொடுத்தார்கள். மாதம் தொண்ணூறு ரூபிள் உதவித்தொகை. நம் பணத்தில் நானூற்றெழுபது ரூபாய்க்கு மேல். நம் ஊர் தாசில்தார் அவ்வளவு வாங்குவாரா? காலேஜ் சம்பளம் என்றால் என்ன என்று என் அறைத்தோழனுக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவன் ஒரு டிராக்டர் ஓட்டுநரின் மகன், டாக்டருக்குப் படிக்கிறான். என் வகுப்பில் பாதிப் பேர் பெண்கள்.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம். என் ஆய்வுக்குத் தலைப்பு முடிவாகிவிட்டது. ஒரு கல்லூரி மாணவனுக்கு இந்த அரசாங்கம் எவ்வளவு செலவழிக்கிறது, நம் அரசாங்கம் எவ்வளவு செலவழிக்கிறது என்பதுதான். இந்தப் பக்கத்துக் கணக்கு நூலகத்திலேயே கிடைக்கிறது. நம் பக்கத்துக்கு பட்ஜெட் புத்தகத்தில் மொத்தத் தொகை மட்டும் இருக்கிறது. ஒரு பிள்ளையின் கைக்கு என்ன வந்து சேர்ந்தது, அவன் வீட்டிலிருந்து என்ன போனது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. உனக்குக் கணக்கு வரும். நம் தாலுக்காவிலிருந்து படிக்கப் போன பிள்ளைகளைக் கேள், கல்லூரிகளுக்கு எழுது. மே மாதக் கடைசிக்குள் எனக்கு வர வேண்டும். முதல் வரைவு திருப்தியாக இருந்தால்தான் உதவித்தொகையை நீட்டிப்பார்கள்.

ஒன்று மட்டும். நீ விண்ணப்பம் போட்ட சென்னைக் கல்லூரிக்கு எழுத வேண்டாம். உனக்கு இடமில்லை என்று சொன்னவர்கள், உன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் தொலைத்தவர்கள். அவர்கள் வாசலில் நாம் போய் நிற்பானேன்.

அம்மாவிடம் சொல்: வகுப்பு ஐந்தரைக்கு முடிந்ததும் நேரே உணவுக்கூடத்துக்குப் போய் ஆறு மணிக்குள் சாப்பிட்டுவிடுகிறேன். பொழுது போன பிறகு ஒரு பருக்கை தொடுவதில்லை.

அன்புடன்,
தர்மநாதன்


அருகன் துணை

செஞ்சி
18-1-1964

அன்புள்ள அத்தானுக்கு நீலாஞ்சனா எழுதுவது.

எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தின் தலையில் 'அருகன் துணை' போடவில்லையே, ஏன்? ஏர் லெட்டரில் இடமில்லையா, அந்த ஊரில் தைரியமில்லையா?

கடிதத்தை வழக்கம்போலக் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். மாமா நிலக்கடலை மண்டிக்குக் கிளம்பி நின்றவர், செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்.

"நானூத்தி எழுவது ரூபாயா? சும்மாவா? மல்லாட்டைக்கு முன்பணம் குடுக்கறவன் கூட மூட்டையில கைய விட்டுப் பாத்துட்டுதான் குடுப்பான். அவன் ஊர் சர்க்கார் எதுல கைய விட்டுப் பாத்துதாம்? நம்ம புள்ளைக்கு எதுக்குக் குடுக்குது, இன்னா கேக்கப் போவுது?"

அப்போது சிரித்தேன். பிறகு எனக்கும் அதே கேள்வி வந்துவிட்டது. எழுதுங்கள், அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள்?

அடுத்தது. அங்கே நாலு மணிக்குத் தெருவிளக்கு எரிகிறது என்று இரண்டாவது பாராவில் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் ஆறு மணிக்குச் சாப்பிட்டு, இருட்டிய பின் உண்ணாத நம் சமண விரதத்தைக் காக்கிறேன் என்கிறீர்கள். இங்கே சூரியன் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் நம் வீட்டில் அடுப்பை அணைத்துவிடுகிறோம். உங்களுக்குப் பொழுது போவது நாலு மணிக்கு. ஆறு என்று எழுதும்போது உங்கள் கண்ணுக்கு முன்னால் செஞ்சி மலை இருந்திருக்க வேண்டும், அல்லது அத்தைக்கு இதெல்லாம் புரியாது என்ற தைரியம் இருந்திருக்க வேண்டும். அத்தைக்குப் படிக்கும்போது அந்த நாலு மணியை விட்டுவிட்டுப் படித்தேன். உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய் அது. மண்ணுக்கு அடியில் விளைவதை நாம் தொடக்கூடாதே, அந்த உருளைக்கிழங்கைப் பற்றி நான் கேட்கவே போவதில்லை.

கணக்கு சேகரிக்க ஆரம்பித்துவிட்டேன். முதலில் வசந்தா. நம் மண்டியில் மல்லாட்டை உடைக்க வருகிறாளே சிங்கவரத்து நாகம்மாள், அவள் மகள். கல்லூரியிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்தாள். அத்தை அவளை வாசலோடு நிறுத்திவிட்டார். நானும் வாசலுக்குப் போய் நின்றுகொண்டே எழுதிக்கொண்டேன். அரசாங்க உதவித்தொகை மாதம் நாற்பது ரூபாய் என்று காகிதத்தில் இருக்கிறது. ஜூலையில் சேர்ந்தாள். இது ஜனவரி. இன்னும் ஒரு காசு வரவில்லை. விடுதிக்குக் கட்ட நாகம்மாள் இரண்டு ஆடுகளை விற்றாள், மூக்குத்தியை அடகு வைத்தாள். அரசாங்கப் புத்தகத்தில் இந்த வருஷமே வசந்தாவுக்கு நானூற்றுச் சொச்சம் செலவழித்ததாக ஏறிவிடும். அந்த மூக்குத்தியின் வட்டியை நீங்கள் எந்த அரசாங்கத்தின் செலவில் எழுதுவீர்கள்?

இன்னொன்று. வசந்தா படிப்பது நீங்கள் எழுத வேண்டாம் என்ற அதே கல்லூரியில். அதே கணித வகுப்பு, நான் விண்ணப்பம் போட்ட அதே வருஷம். வகுப்பில் முப்பது இடமாம், இருபத்தாறு பேர்தான் இருக்கிறார்களாம். பி.யூ.சி.யில் என் மார்க்கு அவளைவிட அதிகம். எனக்கு எப்படி இடமில்லாமல் போயிற்று?

இப்படிக்கு,
நீலாஞ்சனா

இதைப் பிரித்துப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், திரும்ப ஒட்டும்போது கோணாமல் ஒட்டவும்.


மாஸ்கோ
10-2-1964

அன்புள்ள நீலாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கடைசி வரியை எழுதியிருக்க வேண்டாம். இது விளையாடுகிற இடமில்லை.

வசந்தா விஷயம்: அவர்களுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வழியில் சேர்ந்தவளோடு உன்னை ஒப்பிடுவது தவறு. நாலு இடம் காலி என்றால் சேர்ந்துவிட்டுப் பாதியில் போனவர்களாக இருக்கும். இதெல்லாம் நிர்வாக விஷயம், வாசலில் நின்று பேசிப் புரிந்துகொள்ள முடியாது. போனதைப் பற்றி யோசித்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே.

நைனாவின் கேள்விக்குப் பதில்: எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் எதுவும் கேட்பதில்லை. நட்புதான். இவர்கள் நாட்டுப் பிள்ளைகள் படித்து முடித்ததும் அரசாங்கம் அனுப்புகிற ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சைபீரியாவுக்கு அனுப்பினால் சைபீரியா. நம் நாட்டில் படித்தவன் வேலை தேடித் தெருத் தெருவாக அலைகிறான். இங்கே வேலை அவனைத் தேடிக்கொண்டு வருகிறது. இதையும் ஒப்பிட்டுப் பார்.

நம் அரசாங்கம் செலவழிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நமக்கு மக்கள் தொகை அதிகம், வரி குறைவு. பள்ளிக்கூடத்துக்கே பணம் போதவில்லை. மிச்சத்தை வீடுகள்தான் சுமக்கின்றன. வீட்டில் இருப்பதே கொஞ்சம் என்றால் யாரைப் படிக்க வைப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில்தான் இவர்கள் நம்மைவிட நூறு வருடம் முன்னால் நிற்கிறார்கள். பெண் என்றால் வீட்டோடு என்று இங்கே யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. இதை ஒரு தனி அத்தியாயமாகவே எழுதியிருக்கிறேன். பேராசிரியர் பாராட்டினார்.

விரதத்தைப் பற்றி என்ன சொல்ல. சூரியனே முகம் காட்டாத ஊரில் எப்போது பொழுது போனது என்று எதை வைத்துச் சொல்வது? அம்மாவிடம் எதையும் சொல்லாதே.

உன் கடிதத்தைப் படித்தபோது ஒரு சந்தேகம். இதெல்லாம் நீயாக எழுதுகிறாயா, பக்கத்தில் யாராவது உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கிறார்களா? வக்கீல் வீட்டு வாசனை அடிக்கிறது. யாரிடமெல்லாம் பேசுகிறாய் என்று எனக்கு எழுது.

எத்தனை பேருடைய கணக்கு சேர்ந்தது? சீக்கிரம்.

தர்மநாதன்


செஞ்சி
8-3-1964

அத்தானுக்கு,

எனக்கு எடுத்துக் கொடுக்க இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? மாமாவுக்கு மூட்டை, அத்தைக்குப் பூஜை. நான் பேசுவது வசந்தாவிடமும் தபால்காரர் பாண்டுரங்கனிடமும்தான். பாண்டுரங்கனிடம் பேசியதால்தான் இந்தக் கடிதத்தை எழுத முடிகிறது, அதனால் அவர்மேல் கோபப்படாதீர்கள்.

நீங்கள் எழுத வேண்டாம் என்ற கல்லூரிக்கு எழுதினேன். இடம் ஏன் கிடைக்கவில்லை என்று நீங்கள் இரண்டு காரணம் சொன்னீர்கள். ஒரு காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

பதில் வந்த அன்று அத்தை வாசலில் இருந்தார். பாண்டுரங்கன் என்னைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், "இன்னைக்கு உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். கிணற்றடிப் பக்கம் சுற்றி வந்து கொடுத்தார். கேட்காமலே அவருக்குப் புரிந்திருக்கிறது.

கட்டண விவரமெல்லாம் தாராளமாகவே எழுதியிருக்கிறார்கள். அதோடு ஒரு பத்தி. அதை அப்படியே தருகிறேன்: 'தங்களுக்கு 20-6-63 அன்று பி.எஸ்ஸி. கணிதத்தில் இடமும் பாதிக் கட்டணச் சலுகையும் வழங்கப்பட்டன. தங்கள் கணவர் 28-6-63 தேதியிட்ட கடிதத்தில், குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தாங்கள் படிப்பைத் தொடர விரும்பவில்லை எனத் தெரிவித்தார். அவர் கேட்டுக்கொண்டபடி எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் மார்க்குப் பட்டியலும் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பப்பட்டன. 6-7-63 அன்று அவர் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டார்.'

நான் விரும்பவில்லையாம். எனக்கே புதுச் செய்தி.

அந்த ஜூலை மாதம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? தினம் தபால் வரும் நேரத்துக்கு நான் வாசலில் நின்றேன். "இன்னும் வரலையா நீலா? காலேஜ்காரங்க அப்படித்தான்" என்று பக்கத்தில் நின்று தேற்றினீர்கள். புத்தகம் தொலைந்துவிட்டது என்றதும் இரண்டு நாள் அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொள்ள உங்கள் கைக்குட்டையைத்தான் கொடுத்தீர்கள். எனக்கு இப்போது அதுதான் பொறுக்கவில்லை.

என் புத்தகம் எங்கே? ஜூன் பத்துக்குள் மறுபடி விண்ணப்பம் போட வேண்டும். அது இல்லாமல் எந்தக் கல்லூரியும் என்னை உள்ளே விடாது. ஆபீசில் போய் நகல் வாங்குவதற்குள் இந்த வருஷமும் போய்விடும்.

பன்னிரண்டு பேருடைய கணக்கு சேர்ந்துவிட்டது. சிங்கவரம், பனமலை, சீயமங்கலம் என்று நடந்தும் பஸ்ஸிலும் போய்க் கேட்டது. யாருக்கு எப்போது பணம் அனுமதித்தார்கள், எப்போது கைக்கு வந்தது, நடுவில் எதை விற்றார்கள் என்று தேதியோடு எழுதியிருக்கிறேன். நோட்டு என்னிடம் இருக்கிறது. புத்தகம் கைக்கு வந்த அன்று நோட்டு தபாலில் ஏறும். அதற்கு முன்னால் ஏறாது.

நீலாஞ்சனா


மாஸ்கோ
30-3-1964

அன்புள்ள நீலா,

இரண்டு நாளாக எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து, இன்று அனுப்புகிறேன்.

நீ படித்தது உண்மை. ஆனால் பாதி உண்மை. வெளிநாட்டுக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததாகத் தந்தி வந்ததே, அன்று நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீயும் போய் அவளும் போனால் உன் அம்மாவை யார் பார்ப்பது, நீ போக வேண்டுமானால் அவள் வீட்டில் இருக்கட்டும் என்று ஒரே பிடியாக நின்றார். இரண்டு பேரில் ஒருவர்தான் படிக்க முடியும் என்ற நிலை. எனக்குக் கிடைத்ததோ வாழ்நாளில் ஒருமுறை வருகிற வாய்ப்பு, ஒரு பைசா செலவில்லாதது. உன்னை மூன்று வருடம் கழித்துக்கூடப் படிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல்தான் கல்லூரியின் மேல் பழியைப் போட்டேன். தப்புதான். ஆனால் என் கையைக் கட்டியவர் நைனா.

புத்தகம் பத்திரமாக இருக்கிறது. மண்டியில் நைனாவின் இரும்புப் பெட்டியில், பத்திரக் கட்டுக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கிறது. சாவி அவர் அரைஞாணில். நீ போய்க் கேட்காதே. அவருக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் பொறு, நான் பக்குவமாக எழுதி வாங்கித் தருகிறேன்.

நோட்டை மட்டும் நிறுத்தாதே. நூலகக் கணக்கை வைத்து நான் எழுதியதைப் பார்த்துப் பேராசிரியர், இது ஒரு கண்ணில் பார்த்ததாக இருக்கிறது என்கிறார். இந்த உதவித்தொகை போனால் நான் அங்கே திரும்பி வந்து மண்டியில்தான் உட்கார வேண்டும்.

உன்,
தர்மநாதன்


செஞ்சி
20-4-1964

தர்மநாதன் அவர்களுக்கு,

தந்தி வந்த நாளை மறந்துவிட்டீர்கள். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான். ஜூலை 24. நீங்கள் கல்லூரிக்கு எழுதியது ஜூன் 28. ஜூலை மாதம் மாமா போட்ட நிபந்தனைக்கு ஜூன் மாதமே எப்படிக் கட்டுப்பட்டீர்கள்? மறுபடியும் நாலு மணி, ஆறு மணிதான்.

நீங்கள் போகாதே என்றதால் மண்டிக்குப் போனேன்.

கல்யாணமான இந்த ஒரு வருஷத்தில் நான் மண்டிக்குள் கால் வைத்ததில்லை. தனகோட்டி கணக்குப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். உடைக்கிற பெண்களெல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், நாகம்மாளும்தான். மாமா தராசுப் பக்கமிருந்து திரும்பினார்.

"இன்னாம்மா? வீட்ல யாருக்காவது ஒடம்புக்கு ஒண்ணா?"

"இல்ல மாமா. உங்க பெட்டியில மஞ்சத்துணியில சுத்தி என் புத்தகம் இருக்குதாம். அது எனக்கு வேணும்."

அவர் கோபப்படவில்லை. இடுப்பைத் தடவிச் சாவியை எடுத்தார். பத்திரக் கட்டைத் தூக்கி, துணியைப் பிரித்து, என் போட்டோவைப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

"இதுவா? இதத் தேடியா இம்மாந்தூரம் வந்த?"

"நான் படிக்கப் போகக்கூடாதுன்னு நீங்கதானே வாங்கி வெச்சீங்க?"

"நானா?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நான் எங்கம்மா தடுத்தேன்? அவன்தான் கொண்டாந்து குடுத்தான். 'நைனா, இது உன் பெட்டியில இருக்கட்டும், அவ கண்ணுல படக்கூடாது. படிச்சுட்டான்னா இந்த ஊருல நிக்கமாட்டா, அப்புறம் நான் எங்க போய் நிக்கறது'ன்னான். புருசன் பொண்டாட்டி சமாச்சாரம், நமக்கு இன்னாத்துக்குன்னு உள்ள வெச்சிட்டேன். தந்தி வரசொல்லோ இந்தப் பொட்டலம் உள்ளதான் கெடந்துது."

"நீங்களாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் மாமா."

"நீ கேக்கவே இல்லியேம்மா."

அது உண்மை. கடிதம் பிரிக்கிறவனைச் சந்தேகப்பட்டேன், உங்கள் அரசாங்கத்தைச் சந்தேகப்பட்டேன், கல்லூரி குமாஸ்தாவை, மாமாவை, அந்த ஊரில் உங்களுக்கு யாராவது ஒருத்தி இருப்பாளோ என்றுகூடப் பட்டது. அந்த ஜூனிலிருந்து பத்து மாதமாக ஒரு கூரைக்குக் கீழே இருந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அவர் கோபக்காரர், அவரிடம் போகாதே என்று நீங்கள் சொல்லிச் சொல்லி என்னைத் தள்ளியே வைத்திருந்தீர்கள்.

வெளியே வரும்போது நாகம்மாள், "கெடச்சிதா தாயி?" என்றாள். அவளுக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை. தலையாட்டினேன்.

சொன்னபடி நோட்டை இன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பன்னிரண்டு பேர். ஒன்பது பையன்கள், மூன்று பெண்கள். பெண்கள் மூன்று பேர்தானா என்று பேராசிரியர் கேட்டால், நாலாவது பெண் இருந்தாள் என்று சொல்லுங்கள். பாதிக் கட்டணச் சலுகை கொடுக்க அரசாங்கம் தயாராகத்தான் இருந்தது. அந்தப் பணத்தை ஜூன் 28ஆம் தேதி யார் திருப்பி அனுப்பினார்கள் என்று உங்கள் தனி அத்தியாயத்தில் எழுதுங்கள்.

நீலாஞ்சனா


மாஸ்கோ
12-5-1964

நீலா,

நோட்டு வந்தது. பேராசிரியர் அதை என் உதவியோடு ஒரு வாரம் படித்தார். மூக்குத்திக் கணக்கை எப்படி மொழிபெயர்ப்பது என்று கேட்டார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. அந்த ஜூன் மாதம் எம்.ஏ.யில் மூன்றாம் வகுப்பு வாங்கிவிட்டு, எட்டு இடத்தில் வேலை கேட்டு எட்டு இடத்திலும் இல்லை என்றாகி, மண்டியில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு விண்ணப்பமும் போன இடம் தெரியவில்லை. அப்போது உனக்கு இடம் கிடைத்த கடிதம் வந்தது. மண்டி விலாசத்துக்கு வந்ததால் நான்தான் பிரித்தேன். கணக்கில் தொண்ணூற்றொரு மார்க்கு வாங்கியவளின் புருஷன் என்று தனகோட்டி கணக்குப்பிள்ளை என்னைக் கூப்பிடுவதுபோலக் காதில் கேட்டது. பயந்துவிட்டேன் நீலா. வேறு காரணமே இல்லை. ஒரு மாதத்தில் தந்தி வந்து பயம் போன பிறகு எல்லாவற்றையும் சரி செய்திருக்கலாம். பொய்யைத் திருப்பி எடுக்க வெட்கமாக இருந்தது, கப்பல் ஏறிவிட்டேன்.

பெண்களைப் பற்றி எழுதிய அத்தியாயத்தை எழுதும்போது எனக்குக் கை கூசவே இல்லை. இப்போது அதைப் படிக்க முடியவில்லை.

அறுபத்தாறில் படிப்பு முடிந்து வருவேன். அப்போது நீ வீட்டில் இருப்பாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

தர்மநாதன்


சென்னை
19-7-1964

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை இத்தனை நாள் கையில் வைத்திருந்தேன். கோபம் போகட்டும் என்று காத்திருந்தேன், போகவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

பதின்மூன்றாவது பிள்ளையின் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் நீலாஞ்சனா, பி.எஸ்ஸி. கணிதம், முதலாம் ஆண்டு, வயது இருபத்தொன்று. போன வருஷம் கொடுத்த பாதிக் கட்டணச் சலுகை இந்த வருஷம் கிடையாது என்றுவிட்டார்கள். ஒருமுறை வேண்டாம் என்று எழுதியவளுக்கு எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள், நியாயம்தான். இப்போது அரசாங்கம் மார்க்கு எடுத்தவர்களுக்குக் கடனாகக் கொடுக்கிறது, வட்டி இல்லை, வேலைக்குப் போய் அடைக்க வேண்டும். அதற்கு விண்ணப்பித்திருக்கிறேன். என்று கைக்கு வரும் என்று கடவுளுக்கே தெரியாது. அதுவரைக்கும் என் வளையல் இரண்டு செஞ்சி அடகுக்கடையில் நாகம்மாளின் மூக்குத்திக்குப் பக்கத்தில் இருக்கும். வசந்தாவின் உதவித்தொகை ஒருவழியாக மார்ச் கடைசியில் மொத்தமாக வந்தது, வந்தது பரீட்சைக்கும் விடுதிப் பாக்கிக்குமே சரியாகப் போய்விட்டதால் மூக்குத்தி இன்னும் திரும்பவில்லை.

ஜாமீன் கையெழுத்து போட்டது மாமா. படிவத்தை மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டு, "இது கடன்தானே? திருப்பிக் குடுக்கணும்னு இதுலயே எழுதியிருக்குதே? அப்ப நல்ல சர்க்கார்தான்" என்று போட்டார். அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கிளம்புகிற அன்று மட்டும் பொரிவிளங்காய் உருண்டை கட்டிக் கொடுத்தார். திண்டிவனம் வரை மாமா பஸ்ஸில் வந்தார்.

எந்த அரசாங்கம் அதிகம் செலவழிக்கிறது என்ற உங்கள் கேள்விக்குச் சந்தேகமில்லாமல் அங்கேதான் என்று எழுதலாம். அவர்கள் கொடுக்கிறார்கள், மூன்று வருஷ வேலை கேட்கிறார்கள், கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். இங்கே கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள், தாமதமாகக் கொடுக்கிறார்கள், கடன் என்றால் கடன் என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு பைசா செலவில்லாமல் படிக்கிறேன் என்று எழுதினீர்களே, அந்த வரியை அடித்துவிடுங்கள். என்னுடைய ஒரு வருஷம் அதில் போயிருக்கிறது, என்னைக் கேட்காமல் போயிருக்கிறது.

வீட்டில் இருப்பாயா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வருவது அறுபத்தாறில். எனக்குக் கடைசிப் பரீட்சை அறுபத்தேழு மார்ச்சில். இருக்க மாட்டேன். விடுதியில் பார்வையாளர் நேரம் ஞாயிற்றுக்கிழமை நாலிலிருந்து ஐந்து வரை. வந்தால் பேசலாம். அதற்கு மேல் இப்போது என்னால் எதுவும் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. இங்கே ராத்திரிச் சாப்பாடு ஏழரை மணிக்கு. ஒருத்திக்காக ஐந்தரைக்குப் போட முடியாது என்று வார்டன் சொல்லிவிட்டார். முதல் இரண்டு நாள் வைராக்கியமாகப் பட்டினி கிடந்தேன். மூன்றாம் நாள் வகுப்பில் கண்ணை இருட்டியது. அன்று ராத்திரி வசந்தாவுக்குப் பக்கத்தில், அதே பந்தியில் உட்கார்ந்து, மின்சார விளக்கு வெளிச்சத்தில் சாப்பிட்டேன். அத்தைக்கு நேற்றே எழுதிவிட்டேன், மணியையும் பந்தியையும் சேர்த்தே எழுதினேன். என்ன நினைப்பாரோ தெரியாது, ஆனால் எழுதிவிட்டேன்.

உங்கள் சாப்பாட்டு மணியை அத்தைக்கு நீங்களே எழுதிவிடுங்கள். இனி உங்கள் கடிதத்தைக் கூடத்தில் படித்துக் காட்ட நான் அங்கே இல்லை. மாமாதான் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பார். அவர் ஒரு வரியையும் விடமாட்டார்.

நீலாஞ்சனா